லோராவான் வலையமைப்பில் இறங்குதொடர்பின் செயல்திறன்: பிரம்மதேச வேளாண் சூழலை முன்வைத்து

முன்னுரை

குறைந்த மின்திறனில் நெடுந்தொலைவு இயங்கும் கம்பியில்லா வலையமைப்புகளுள் லோராவான் குறிப்பிடத்தக்கது. இதில் உணரிகள் நுழைவாயிலுக்கு அளவீடுகளை அனுப்புவது ஏறுதொடர்பு. நுழைவாயில் கருவிகளுக்குக் கட்டளை அனுப்புவது டவுன்லிங்க் எனப்படும் இறங்குதொடர்பு. திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் போன்ற சிற்றூரில் கிணற்று நீர்மட்டத்தைத் தெரிவிப்பது முன்னதன் பணி; நீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்துவது பின்னதன் பணி. ஓர் அளவீடு தவறினால் அடுத்தது ஈடுசெய்யும். கட்டளை தவறினால் மோட்டார் பழுதாகும். எனவே இறங்குதொடர்பின் வரம்புகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வரம்பின் காரணம்

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005இல் உரிம விலக்குப் பெற்றது. ஐரோப்பாவில் நுழைவாயில் பேசும் நேரத்தைச் சட்டமே 1 அல்லது 10 விழுக்காடு என வரையறுக்கிறது. இந்திய அலைவரிசைக்கான லோராவான் விதிகளில் அத்தகைய வரையறை இல்லை. ஆயினும் இங்கும் நெருக்கடி உண்டு. வழக்கமான எட்டு அலைத்தட நுழைவாயில் ஒரே நேரத்தில் எட்டுச் செய்திகள் வரை கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றையே அனுப்பும். அனுப்பும்போது எதையும் கேட்காது.

மேலும், மின்கலத்தில் இயங்கும் ‘ஏ’ வகைக் கருவி, தான் அனுப்பிய பின்னரே இருமுறை செவிசாய்க்கும். இயல்பு அமைப்பில் முதற்சாளரம் 1 நொடிக்குப் பின், அனுப்பிய அதே அலைத்தடத்தில் திறக்கும். இரண்டாவது 2 நொடிக்குப் பின் 866.55 மெகாஹெர்ட்ஸில், பரவல் காரணி 10இல் திறக்கும். ஆகவே பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பேசும் கருவிக்கான கட்டளை பத்து நிமிடம்வரை காத்திருக்க நேரிடும்.

ஒரு கணக்கீடு

உள்ளடக்கமற்ற 12 பைட்டு ஒப்புகைச் செய்தியை 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்ப, பரவல் காரணி 7இல் சுமார் 0.04 நொடியும், 10இல் 0.29 நொடியும், 12இல் 0.99 நொடியும் ஆகும். பரவல் காரணி 12இல் பேசும் 200 தொலைதூர உணரிகள் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒப்புகை கோருவதாகக் கொள்வோம். அனைத்துக்கும் முதற்சாளரத்தில் விடையளித்தால், 600 நொடியில் ஏறத்தாழ 198 நொடி நுழைவாயில் செவிடாகும். இரண்டாம் சாளரத்தில் அளித்தால் இது 58 நொடியாகக் குறையும். செவிடான நேரத்தில் வந்த செய்திகள் இழக்கப்படும், ஒப்புகை பெறாத உணரிகள் மீண்டும் அனுப்பும், நெரிசல் பெருகும்.

பரவல் காரணி 10இன் ஏற்புத்திறன் 12ஐவிட ஏறத்தாழ 5 டெசிபல் குறைவு. உணரியைவிட நுழைவாயில் கூடுதல் திறனில் அனுப்ப விதி இடமளிப்பதால் இதனை ஈடுசெய்யலாம்.

முடிவுரை

இறங்குதொடர்பை அளவறிந்து பயன்படுத்த வேண்டிய வளமாகக் கருதுதல் வேண்டும். வழக்கமான அளவீடுகளுக்கு ஒப்புகை கோராமை, தொலைதூரக் கருவிகளுக்கு இரண்டாம் சாளரத்தைத் தேர்தல், இரண்டாவது நுழைவாயில் அமைத்தல் ஆகியன பயன்தரும். மின்னிணைப்புள்ள மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவியை எப்போதும் செவிசாய்க்கும் ‘சி’ வகையில் அமைப்பின், நிறுத்தும் கட்டளை காத்திருக்க வேண்டியதில்லை. உணரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு வலையமைப்பை மதிப்பிடுவது முழுமையாகாது. உரிய நேரத்தில் கட்டளையைச் சேர்ப்பிக்கும் திறனும் அளவிடப்படுதல் வேண்டும்.