உணர்விழந்த பாதமும் மருத்துவப் பதிவேடும்

ஆந்திராவில் ஆரணியாற்று அணையை ஒட்டிய பிச்சாட்டூரில் ஒருவருக்குக் காலில் புண் வந்தால் போவதற்கு வழிகள் பல உண்டு. மேற்கே நாராயணவனம், புத்தூர் தாண்டினால் திருப்பதி. அங்கே ருயா அரசு மருத்துவமனை, சுவிம்ஸ், தேவஸ்தானத்தின் பர்டு ஆகிய மருத்துவமனைகள் இருக்கின்றன. கிழக்கே நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை. சற்று விலகினால் வேலூர். நடுவழியில், எலும்புக் கட்டுக்குப் பெயர்பெற்ற புத்தூர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதியில் நோயாளி மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. பேருந்து வசதியையும் உறவினர் சொல்லையும் நம்பிப் புறப்படுகிறார். புறப்படுமுன் எழ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: காலைத் தொடப்போகிறவர் யார், அவருக்கு அந்த உரிமையை அளித்தது எது?

இக்கேள்வி எல்லா மருத்துவத்துக்கும் பொருந்தும். எனினும் பாதத்தைப் பொறுத்தவரை இதற்குத் தனி அழுத்தம் இருக்கிறது. பல்லைத் தவறாகப் பிடுங்கினால் வலி உடனே காட்டிக்கொடுக்கும். கண்ணில் தவறான மருந்தை ஊற்றினால் எரிச்சல் சொல்லிவிடும். நெடுநாள் நீரிழிவில் நரம்பு பழுதான பாதம் எதையும் சொல்லாது. மருத்துவர் சரியாகச் செய்கிறாரா, தவறாகச் செய்கிறாரா என்பதை நோயாளியின் உடம்பு அவருக்கு உணர்த்தாது. ஆகவேதான், உணர்விழந்த காலுக்கு மருத்துவரின் தகுதியை முன்னதாகவே சரிபார்ப்பதை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

உணர்விழந்த உறுப்பு எச்சரிக்காது என்ற உண்மையை உலகுக்கு விளக்கியவர், நம் அண்டையிலேயே பணிபுரிந்த பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலம் அது. இரவில் முழுமையாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பதைக் கண்டு காவல் வைத்துப் பார்த்தபோது, உறங்கும் நோயாளியின் விரலை எலிகள் கடித்துத் தின்பது தெரிந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. அழிவின் வேர் உணர்விழப்பு என்று பிராண்ட் நிறுவினார். அடிபடாமல் காக்க நுண்துளை ரப்பர் செருப்புகளை அவரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். தொழுநோயில் கண்ட அந்த உண்மை இன்று நீரிழிவுப் பாதத்துக்கும் அடிப்படையாக விளங்குகிறது.

இன்றைய அளவோ பெரிது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. நீரிழிவு உடையோரில் ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாவர் என்பது உலக மருத்துவ இலக்கியத்தின் கணிப்பு. நரம்பு பழுதானதும் பாதத்தின் சிறு தசைகள் நலிந்து விரல்கள் மடங்குகின்றன. உடல் எடை விரலடி எலும்புகளின் முனைகளில் குவிகிறது. வியர்வை வற்றித் தோல் வெடிக்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் தோல் தடித்துக் காய்க்கிறது. அந்தக் காய்ப்பை அனுபவமுள்ள கை சிறு கத்தியால் அடுக்கடுக்காகச் சீவும்போது, அடியில் கருஞ்சிவப்பாக உறைந்த குருதியும், அதற்கும் கீழே ஆழமான புண்ணும் வெளிப்படுவதுண்டு. அதே காய்ப்பைப் பயிற்சியற்ற கை சவரக் கத்தியால் அறுத்தால் நல்ல தசையும் சேர்ந்து போகும். இரண்டு வேளையிலும் நோயாளிக்கு வலிக்காது.

பயிற்சியுள்ள கையைப் பிரித்துக்காட்ட, பிரிட்டனில் பாத மருத்துவர் என்ற பெயரையே சட்டம் காக்கிறது. பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்வது குற்றம். அமெரிக்காவில் அதற்கென்றே நான்காண்டுக் கல்லூரிப் படிப்பும், மாநிலம்தோறும் தனி உரிமமும் உண்டு. இந்தியாவில் அப்படியொரு தனி உரிமம் நெடுங்காலம் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் பாத மருத்துவரையும் சேர்த்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மாநில மன்றங்களும் பதிவேடுகளும் இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. எனவே இங்கே பாதத்துக்கு மருத்துவம் செய்வோர் வெவ்வேறு கதவுகள் வழியே வருகிறார்கள். பொது அறுவை மருத்துவர், எலும்பு மருத்துவர், குருதிக்குழாய் அறுவை மருத்துவர், நீரிழிவு மருத்துவர் ஆகியோர் மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டியவர்கள். செயற்கைக் கால், தாங்கு செருப்பு செய்யும் வல்லுநர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருத்துவருக்கு அவரவர் மன்றங்கள் உண்டு. பலகையில் ‘பாத நல நிபுணர்’ என்றோ ‘போடியாட்ரிஸ்ட்’ என்றோ எழுதியிருந்தால், இக்கதவுகளில் எதன் வழியே அவர் வந்தார் என்பதே முதலில் அறிய வேண்டியது.

அறிவது கடினமன்று. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறிமுறைப்படி, ஒவ்வொரு மருத்துவரும் தம் பதிவெண்ணை மருத்துவமனையில் தெரியும்படி வைக்கவும், மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பணம் பெற்ற ரசீதிலும் குறிப்பிடவும் வேண்டும். சீட்டின் தலைப்பில் அந்த எண் இல்லையென்றால் கேட்பதில் தவறில்லை. எண் கிடைத்ததும் அம்மருத்துவர் பதிந்த மாநில மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேட வேண்டும்: திருப்பதி மருத்துவரை ஆந்திர மருத்துவ மன்றத்திலும், சென்னை மருத்துவரைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலும். நாடு முழுமைக்குமான பட்டியல் தேசிய மருத்துவ ஆணையத்திடம் இருக்கிறது. எண் இருப்பது மட்டும் போதாது. அந்த எண்ணுக்கு நேரே உள்ள பெயரும் பதிந்த ஆண்டும் எதிரில் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்துகின்றனவா, பலகையில் உள்ள மேற்படிப்பு பதிவேட்டிலும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. ஒரு துறையில் தனித் தகுதி பெறாதவர் அத்துறை நிபுணர் என்று உரிமை கொண்டாடுவதை அதே நெறிமுறை தடுக்கிறது. பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்போருக்கு, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஒரு மருத்துவ முறையில் பதிந்தவர் வேறு முறையில் கைவைப்பதும் பிழையே என்பதை 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

புத்தூர்க் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஒரு குடும்பம் வழிவழியாகச் செய்துவரும் இக்கலையின் பெயர் இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பலகைகளில்கூடக் காணப்படுகிறது. அப்பலகைகளை வைத்திருப்போர் எல்லாரும் ஒரே மரபில் வந்தவர்கள் என்று கொள்ள முடியாது. ஏற்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாதோர் இந்திய மருத்துவ முறைகளில் தொழில் செய்யலாகாது என்று 2018 ஏப்ரலில், கேரளப் பாரம்பரிய வைத்தியர் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கட்டுவோரின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. முன்கை முறிந்தவருக்குக் கட்டு இறுகினால் வலிக்கும். அவரே அவிழ்க்கச் சொல்வார். நீரிழிவுக் காலில் அந்த எச்சரிக்கை எழாது. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்த மூட்டழிவு நோய் இத்தகைய காலில் வரும்போது, பாதம் சிவந்து, சூடேறி, வீங்கி நிற்கும். நோவு மிகக் குறைவு. பார்ப்போர் சுளுக்கு என்பர். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அதை நீவிவிடுவதும், குருதி ஓட்டம் குன்றிய காலை இறுகக் கட்டுவதும் காலையே பறிக்கக்கூடும்.

பதிவு என்பது வாயிற்படிதான். அதற்கப்பால் திறமையை மதிப்பிடச் சில அடையாளங்கள் உண்டு. தேர்ந்தவர் இரு செருப்பையும் கழற்றச் சொல்வார். விரலிடுக்குகளை விரித்துப் பார்ப்பார். செருப்பின் உட்புறத்தையும் தடவிப் பார்ப்பார். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்னும் விரல் வைத்து நாடியைத் தேடுவார். பிறகு நோயாளியைக் கண்மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் செங்குத்தாக அழுத்துவார். பத்துக் கிராம் விசையில் அது வளையும். வளைந்தும் நோயாளி ‘தெரிகிறது’ என்று சொல்லவில்லையென்றால் காப்புணர்வு போய்விட்டது என்று பொருள். சில நிமிடங்களில் முடிகிற இச்சோதனையைச் செய்யாமலே மருந்து எழுதுபவரிடம், என்ன பட்டம் இருந்தாலும், நான் மறுமுறை காலைக் காட்டத் துணியமாட்டேன்.

கண்டவற்றை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும், உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு காக்க வேண்டும் என்பதும் அந்த 2002ஆம் ஆண்டு நெறிமுறையின் விதிகளே. பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கும் சென்னைக்கும் மாறி மாறிப் போகிறவர் அத்தாள்களைக் கையோடு எடுத்துச் சென்றால், முதல் மருத்துவர் எந்த நாளில் நாடி பார்த்தார், எந்த இடத்தில் இழை உணரப்படவில்லை, புண்ணின் அகலம் எவ்வளவு என்பதை அடுத்தவர் படித்துத் தெரிந்துகொள்வார். குறையோ தவறோ நேர்ந்திருந்தால், மாநில மன்றத்தின் முன் வைக்கும் முறையீட்டுக்கும் அத்தாள்களே சான்று.