யார் அந்த நாலு பேர்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரைக் கூப்பிட்டு, பாடகர் பாரி மேனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-சர்ட்டை மாட்டிவிட்டார்கள். அந்த வயதுக்காரர்கள் போட்டுக்கொள்ளக் கூசும் சட்டை. அதோடு சக மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பி, சற்று நேரத்தில் வெளியே அழைத்து, "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். இப்படியே பலரிடம். ஏறக்குறைய பாதிப் பேர் என்பது சராசரிக் கணிப்பு. உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒருவர்தான்.

தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரிப் பிள்ளைகளுக்கே இப்படி என்றால் எட்டாம் வகுப்பு மாணவியின் பாடு? முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்கூடமே அதைத்தான் பார்க்கிறது என்று நினைப்பாள். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இலேயே இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் 'நாலு பேர்' என்பார்கள்.

2013-இல் லியா சோமர்வில் இன்னும் எளிமையாகச் சோதித்தார். 8 முதல் 22 வயது வரையிலான 69 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, "உன் வயதுள்ள ஒருவர் இப்போது கேமராவில் உன்னைப் பார்க்கிறார்" என்றார். வேறு வேலை எதுவும் தரவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அதற்கே பதின்ம வயதினருக்கு வெட்கம் கூடியது, தோலில் வியர்வை ஏறியது. தன்னைப் பற்றி யோசிக்கும் மூளையின் முன்பகுதி அந்த வயதில்தான் உச்சமாக வேலை செய்தது.

வயதுக்கே உரிய இந்தக் கூச்சம், படிப்பையும் நட்பையும் முடக்கும் அளவுக்குப் போகும்போது 'சமூகப் பதற்றக் கோளாறு' ஆகிறது. 2001-04இல் அமெரிக்காவில் 13 முதல் 18 வயதுக்குட்பட்ட பத்தாயிரம் பேரிடம் எடுத்த கணக்கில், பெண்களில் 11.2 சதவீதத்தினருக்கு அது இருந்திருக்கிறது. ஆண்களில் 7 சதவீதம்.

பெண்களுக்கு ஏன் அதிகம்? ஹார்மோன், பரம்பரை என்று சில காரணங்கள் உண்டு. தோழமையும் ஒரு காரணம் என்பதுதான் வியப்பு. ஒரே கவலையைத் தோழியிடம் திரும்பத் திரும்பப் பேசித் தீர்க்கும் வழக்கத்தை அமாண்டா ரோஸ் ஆராய்ந்தார். அவருடைய 2007 ஆய்வில் அந்தப் பேச்சால் பெண்களின் நட்பு இறுகியது, கூடவே பதற்றமும் ஏறியது. பையன்களுக்கு நட்பு மட்டும் வளர்ந்தது.

இதைவிட உறைக்கிற சோதனை 1998-இல் நடந்தது. கல்லூரி மாணவ மாணவியர் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். ஆளுயரக் கண்ணாடி உள்ள தனியறையில் அதைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட வேண்டும். நீச்சலுடைப் பெண்களின் மதிப்பெண் குறைந்தது. ஆண்களுக்கு எந்த உடையிலும் வித்தியாசமில்லை. அறையில் வேறு யாருமே கிடையாது. பார்க்கும் கண்ணை அந்தப் பெண்கள் உள்ளேயே கொண்டுவந்திருந்தார்கள்.

அதனால் "உன்னை யாரும் பார்க்கலை, சும்மா போ" என்ற ஆறுதல் பையனுக்குப் பொருந்துகிற அளவு பெண்ணுக்குப் பொருந்தாது. நடை, உடை, சிரிப்பு என ஒவ்வொன்றுக்கும் சிறுவயது முதலே அவளுக்குத் திருத்தம் சொல்லப்படுகிறது. வயதுக்கு வந்ததும் பந்தல் போட்டு ஊரையே அழைக்கிறோம். அவளுடைய நாலு பேரில் இரண்டு பேராவது நிஜம்.

சமூகப் பதற்றக் கோளாறுக்குச் சிகிச்சை உண்டு. தலையைக் குனிந்துகொள்வது, கடைசி பெஞ்சில் ஒளிவது, சொல்லப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது போன்ற தற்காப்புகளே பயத்தை வளர்க்கின்றன என்று 1995-இல் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் விளக்கினார்கள். அவற்றை விட்டுவிட்டுப் பேசச் சொல்லி, வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவது சிகிச்சையின் ஒரு பகுதி. கை நடுங்கியது, முகம் சிவந்தது என்று அவள் நம்பிய அளவுக்குத் திரையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

வகுப்பில் வாய் திறக்கவும் விசேஷ வீட்டுக்கு வரவும் ஒரு பெண் ஆறு மாதத்துக்கு மேலாக மறுத்தால், திட்டுவதற்கு முன் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.