கந்தக மலையில் ஒரு வைகறை

மலையுச்சியில் நின்று ஞாயிறு எழுவதைக் காணவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. நம் நாட்டிலே சிவனொளிபாதமலைக்கு இரவு முழுதும் படியேறிச் செல்வோரில் வழிபாட்டை மாத்திரம் கருதிச் செல்வோரும் உளர். விடியற் காட்சியை மாத்திரம் கருதிச் செல்வோரும் உளர். ஆயினும், வயிற்றிலே தீயை அடக்கிக்கொண்டிருக்கும் மலையொன்றின் விளிம்பில் நின்று கதிரவனைக் காண்பது வேறொரு வகை அனுபவம். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜாவாத் தீவின் கீழைக்கோடியிலுள்ள இஜென் என்னும் எரிமலையில் அவ்வனுபவம் எனக்குக் கிட்டியது. அதனை எழுதப் புகும்பொழுது, விடியலைக் காட்டிலும் விடியலுக்கு முன் அம்மலையில் நடந்த வேலையே என் நினைவில் முந்திக்கொண்டு நிற்கிறது.

ஜாவா நமக்கு முற்றிலும் அந்நியமான தேசமன்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் சாவகம் இத்தீவே என அறிஞர் பலர் கொள்வர். இஜென் மலையின் அடிவாரத்திலே, பாலித் தீவை நோக்கியிருக்கும் கடற்கரையில், பன்யூவாங்கி என்னும் நகரம் உள்ளது. பன்யூவாங்கி என்றால் ‘நறுமண நீர்’ என்று பொருள். அதே மலையின் மறுபுறத்தில், எரிமலை ஏரியின் நீர் கசிந்து ஓர் ஆறாகப் பாய்கிறது. அதற்குப் பெயர் பன்யூபாஹித், அதாவது ‘கசப்பு நீர்’. ஒரே மலை ஒரு பக்கத்து மக்களுக்கு மணத்தையும் மறு பக்கத்து மக்களுக்குக் கசப்பையும் பெயராகத் தந்திருக்கிறது. ‘இஜென்’ என்னும் சொல்லுக்கோ ஜாவா மொழியில் ‘தனிமை’ என்று பொருள்.

நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவில் பால்துடிங் என்னும் அடிவார முகாமை அடைந்தோம். பத்துப் பாகைக்கும் குறைந்த குளிர். எங்களை அழைத்துச் செல்லவிருந்த வழிகாட்டி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். குள்ளமான, இறுகிய தேகம். என்னைப் ‘பாக்’ என்று அழைத்தார். தந்தை என்னும் பொருள் தரும் அம்மரியாதைச் சொல்லை அந்நாட்டார் வயதில் மூத்தவர்களுக்கு வழங்குவர். அவரை நான் எவ்வாறு அழைப்பது என்று கேட்டேன். ‘மாஸ்’ என்று அழைத்தாற் போதும் என்றார். அது அண்ணன் முறைச் சொல். நஞ்சுப் புகையிலிருந்து காக்கும் முகமூடியொன்றையும் நெற்றியிற் கட்டும் விளக்கொன்றையும் தந்து, “மெல்ல நடவுங்கள், மலை எங்கும் ஓடிவிடாது” என்று கூறி அவர் முன்னே நடந்தார்.

பால்துடிங்கிலிருந்து எரிமலை வாயின் விளிம்புவரை மூன்று கிலோமீற்றர் தூரம். அத்தூரத்துக்குள் ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் உயரம் ஏறவேண்டும். காலின் கீழ் நழுவும் சாம்பல் மண், இருமருங்கும் இருள். முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான விளக்குகள் மின்மினிகளைப் போல வளைந்து வளைந்து மேலேறிக் கொண்டிருந்தன. இடையிடையே, இரு சக்கரங்கள் பூட்டிய தள்ளுவண்டிகள் எங்களைக் கடந்து சென்றன. நடக்க இயலாத பயணிகள் அவற்றில் அமர்ந்திருக்க, முன்னால் இருவர் கயிறு பற்றி இழுத்தனர். பின்னால் ஒருவர் தள்ளினார். வண்டியில் இருந்தவர்களோ போர்வைக்குள் உறங்கினர். அக்காட்சி எனக்கு ஒவ்வவில்லை. அதனை வழிகாட்டியிடம் கூறினேன். அவர் அப்போது மறுமொழி சொல்லவில்லை.

விளிம்பை அடைந்தபின், எரிமலை வாயின் உட்புறமாகக் கரடுமுரடான பாறைவழியே இறங்கவேண்டும். மலை அமைதியின்றி இருக்கும் காலங்களில் அவ்வழி மூடப்படும், அன்று திறந்திருந்தது. இறங்க இறங்கக் கந்தகத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கந்தகம் என்னும் பெயரே ‘கந்தம்’ என்னும் வடசொல்லிலிருந்து வந்ததன்றோ? அன்றிரவு அப்பெயரின் பொருத்தத்தைத் தொண்டையால் அறிந்தேன். பின்னர் புகைத்திரை சற்றே விலகிற்று. இருளின் நடுவே நீல நிறத்தில் தீ எரிந்தது.

எரிமலை என்றதும் செந்நிறக் குழம்பையே நாம் எண்ணுவோம். இங்கே கண்டதோ அதுவன்று. பாறைப் பிளவுகளிலிருந்து மிகுந்த அழுத்தத்தோடு கந்தக வாயு வெளிப்படுகிறது. அதன் வெப்பம் சில வேளைகளில் அறுநூறு பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அவ்வளவு சூடான வாயு காற்றிலுள்ள ஒட்சிசனைச் சந்தித்தவுடன் தீப்பற்றுகிறது. கந்தகம் எரியும்போது தோன்றும் சுடர் நீலம். அதில் ஒரு பகுதி உருகிய கந்தகமாகிச் சரிவில் வழிய, அதன்மேலும் நீலச்சுடர் தவழ்ந்து செல்கிறது. பகலிலும் அத்தீ எரிகின்றது. சூரிய ஒளியில் மனிதர் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனாலேதான் பயணிகள் நள்ளிரவில் மலையேறுகின்றனர். எரிந்து உண்டாகும் கந்தகவீரொட்சைட்டு வாயு ஈரத்தோடு கூடினால் அமிலமாகும். கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். காற்றுத் திசைமாறிப் புகை எங்கள்மேல் கவிந்தபோதெல்லாம் வழிகாட்டி என் தோளைப் பற்றிக் குனியச் செய்தார்.

அப்புகைக்குள்ளேதான் மனிதர் வேலை செய்துகொண்டிருந்தனர்.

வாயு வெளிப்படும் பிளவுகளின்மேல் நீண்ட குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். குழாய் வழியே வரும் வாயு குளிர்ந்து, குருதிச் சிவப்பான திரவமாய்ச் சொட்டுகிறது. நிலத்தில் விழுந்து ஆறியதும் எலுமிச்சை மஞ்சளாய் இறுகுகிறது. தொழிலாளர் அதனை இரும்புக் கம்பியால் உடைத்து, மூங்கிற் கூடைகள் இரண்டில் நிரப்பி, ஒரு தண்டின் இரு முனைகளிலும் கோத்துத் தோளில் ஏற்றுகின்றனர். நம்மவர் காவடி என்று சொல்லும் அதே அமைப்பு. எங்களுக்கு முகமூடி இருந்தது. அவர்களுட் பலர் ஈரத்துணியொன்றைப் பல்லாற் கடித்திருந்தனர். ஒரு சுமையின் எடை எழுபது முதல் தொண்ணூறு கிலோ. சுமப்பவரின் உடல் எடையோ பெரும்பாலும் அதற்கும் குறைவு. இச்சுமையுடன் நாங்கள் இறங்கிய அதே பாறைவழியில் ஏறி விளிம்பை அடைந்து, அங்கிருந்து அடிவாரத்துக்கு இறங்கவேண்டும். அண்மைக் காலத்தில் விளிம்புக்கு அப்பால் தள்ளுவண்டிகள் துணைக்கு வந்தன. எரிமலை வாயிலிருந்து விளிம்புவரை தோளே வண்டி.

பாதையோரத்திற் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறிய ஒருவரிடம், பயணி இளைஞரொருவர் படமெடுக்க அனுமதி கேட்டுத் தண்டைத் தம் தோளில் வைத்து எழ முயன்றார். கூடைகள் நிலத்தைவிட்டு அசையவில்லை. அவர் சிரித்தார், உடனிருந்தோரும் சிரித்தனர். சுமைக்காரரும் முறுவலித்தபடி, படமெடுக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு தண்டின் கீழ்த் தோளைக் கொடுத்து, முழங்காலை நிமிர்த்தி, ஒன்றும் பேசாமல் இருளுக்குள் ஏறிப்போனார். கூடைகள் அசையும் ‘கிறீச்’ என்ற ஓசை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வழிகாட்டியும் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கூடைகளைச் சுமந்தவரே என்பதை அப்போதுதான் அறிந்தேன். சட்டைக் கழுத்தை விலக்கித் தம் தோளைக் காட்டினார். தண்டு அழுத்திய இடத்தில் சதை கட்டியாய்த் திரண்டு காய்த்திருந்தது. கிலோவொன்றுக்குக் கிடைத்த கூலி ஏறத்தாழ ஆயிரம் ரூபியா என்றார். அந்நாளில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழப் பதினாலாயிரம் ரூபியாவுக்குச் சமம். எண்பது கிலோச் சுமைக்கு ஆறு டொலரும் இல்லை என்று கணக்கிட்டுக் கொண்டேன். ஆயினும், கீழேயுள்ள தோட்டங்களில் நாள் முழுதும் பாடுபட்டாலும் அவ்வளவு கிடைக்காது என்பதே அவர் தந்த விளக்கம்.

“இந்த வேலை எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“கந்தகம் சுமந்த காலத்தில் என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை, பாக், எடையை மட்டுமே கேட்டார்கள். இப்போது வருகிறவர்கள் முதலில் பெயரைக் கேட்கிறார்கள்” என்றார். சிறிது தூரம் ஏறியபின், நான் முன்னர் தள்ளுவண்டியைப் பற்றிச் சொன்னதற்கு மறுமொழி வந்தது. “மனிதரை இழுப்பது உங்களுக்கு வருத்தமாயிருக்கிறது. எங்களுக்குக் கந்தகத்தை இழுப்பதைவிட அது மேல். மனிதச் சுமை பேசும், கூலியும் கூடுதலாகத் தரும், நெஞ்சை எரிக்காது.”

அதற்குமேல் எனக்குப் பேச்சில்லை. என் இரக்கம் என் மனத்துக்கு இதமாக இருந்தது. அவர் வீட்டு அடுப்புக்கு அதனாற் பயனில்லை. பிறர் உழைப்பைக் கண்டு மனங்கசிவது எளிது. அவ்வுழைப்பாளன் இரு தீமைகளுள் எதனை ஏன் தேர்ந்துகொள்கிறான் என்று கேட்டறிவதே அரிது.

கந்தகத்தின் வரலாறே தோள்களின் வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வேண்டிய கந்தகத்தின் பெரும்பகுதியை இத்தாலியின் சிசிலித் தீவு வழங்கியது. அங்கே ‘கரூசி’ எனப்பட்ட சிறுவர்கள் சுரங்கத்திலிருந்து கனிப்பொருளை முதுகிற் சுமந்து மேலேறினர். பின்னர், நிலத்தடிக் கந்தகத்தைச் சுடுநீர் செலுத்தி உருக்கி மேலேற்றும் முறை அமெரிக்காவில் வந்தது. இப்போது உலகக் கந்தகத்தின் பெரும்பகுதி, எண்ணெயையும் இயற்கை வாயுவையும் சுத்திகரிக்கும்போது உடன்விளைவாகவே கிடைத்துவிடுகிறது. எரிமலை வாய்க்குள் இறங்கிக் கையால் உடைத்துத் தோளிற் சுமக்கும் தொழில் உலகில் அருகிவிட்டது. அது நீடித்த மிகச் சில இடங்களுள் இஜென் ஒன்று. மண்ணிற வெல்லப்பாகை வெண்சீனியாக்குவதற்கு எரித்த கந்தகத்தின் வாயுவைச் செலுத்துவர். இம்மலையின் கந்தகமும் சீனி ஆலைகளுக்குச் செல்கிறது. இனிப்பின் வெண்மைக்குப் பின்னால் இப்படியொரு மஞ்சட் கூடை இருப்பதை அதற்குமுன் நான் எண்ணியதில்லை.

நாங்கள் மீண்டும் விளிம்பை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. இந்தோனேசிய மொழியிற் சூரியனுக்கு ‘மாத்தாஹாரி’ என்று பெயர். ‘நாளின் கண்’ என்பது அதன் பொருள். அக்கண் மெல்லத் திறந்தது. முதலில் மேற்கே ராவுங் மலையின் முடியிற் செம்மை படிந்தது; பின்பு எதிர்விளிம்பின் பாறை வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன; கடைசியாக, அதுவரை வெறும் இருட்குழியாகக் கிடந்த ஆழத்தில், பச்சையும் நீலமும் கலந்த ஓர் ஏரி வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலமும் இருநூறு மீற்றர் ஆழமும் உடையது அது. அவ்வளவு அழகான நீரை நான் கண்டதில்லை. அவ்வளவு கொடிய நீரையும் கண்டதில்லை. உலகிலுள்ள கடும் அமில ஏரிகளுள் மிகப் பெரியது அதுவே. பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ் கிராப்ட், காத்யா கிராப்ட் தம்பதியருள் மோரிஸ் 1971இல் இறப்பர்ப் படகொன்றில் அந்த ஏரியிற் சென்று ஆராய்ந்தார். இருபதாண்டு கழித்து, 1991இல், ஜப்பானின் உன்சென் எரிமலையில் இருவரும் ஒருங்கே மாண்டனர். இஜெனும் எக்காலமும் உறங்கிய மலையன்று. 1817இல் அது சீறியபோது ஏரிநீர் சேற்று வெள்ளமாய்க் கீழே பாய்ந்தது.

விளிம்பில் நின்ற அனைவரும் ஞாயிற்றை நோக்கியிருந்தனர். வழிகாட்டி மாத்திரம் அதற்கு முதுகு காட்டி, பாறைவழியில் ஏறிவரும் சுமைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் விளிம்பை எட்டியதும் அருகிற்சென்று தம் சிகரெட்டொன்றைக் கொடுத்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தனர். எனக்கு அந்த விடியல் புதுமை. அவர்களுக்கோ இரவுச் சுமை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

நாங்கள் திரும்பிய மறு ஆண்டிலேயே பெருந்தொற்று வந்து, உலகெங்கும் பயணிகளின் வருகை நின்றுபோயிற்று. அச்செய்தியைப் படித்தபோது, பெயரைக் கேட்பார் வராத அம்மலைப்பாதையில் அவர் மீண்டும் எடையைச் சொல்லி நின்றிருப்பாரோ என்று நினைத்தேன். 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் இஜென் நிலப்பகுதியை உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்றது. பாறைக்கும் ஏரிக்கும் தீக்கும் கிடைத்த அம்மதிப்பு, அப்பாறையில் ஏறி இறங்கும் தோளுக்கும் சேரவேண்டுமானால், அங்கு செல்வோர் தீயைப் பார்க்கும் கண்ணாலேயே மனிதரையும் பார்க்கவேண்டும். கேட்ட கூலியைப் பேரம் பேசாது கொடுக்கவேண்டும்.

நம் பாடசாலைகளில் கந்தகத்தைப் பற்றிப் படிப்பிக்கிறோம். அணுவெண் 16, மஞ்சள் நிறம், எரிமலைப் பகுதிகளிற் கிடைக்கும், நீலச் சுடருடன் எரியும். இவை யாவும் உண்மை, தேர்வுக்கும் போதும். ஆயினும், ‘எரிமலைப் பகுதிகளிற் கிடைக்கும்’ என்னும் வரியை எழுதும் மாணவன் ஒருமுறையேனும் “அதை யார் எடுத்து வருகிறார்?” என்று கேட்பானாயின், அன்றைக்கு ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்லவேண்டும். அக்கேள்விக்குரிய விடை பாடநூலில் இல்லை. இஜென் மலையின் பாறைவழியில், ஒரு மூங்கில் தண்டின் கீழே காய்த்துப்போய் இருக்கிறது.