பழைய மோட்டார்க் காரின் மின்னேற்றக் கோளாறு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவீதியில் உள்ளது புசல்லாவை. வளைவும் ஏற்றமும் மழையும் மூடுபனியும் அவ்வீதியின் இயல்பு. அங்கே இரவில் விளக்கு மங்குமாயின் உயிருக்கே ஊறு நேரலாம். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளினாற் புதிய கார்கள் அரிதாயின. எனவே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை நம்மவர் பேணிக் காத்தனர். அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன. மின்னேற்றம் குன்றியதும் றெகுலேற்றரின் திருகை முறுக்குவது பலரது வழக்கம். அஃது இறுதியிற் செய்யவேண்டியது என்பதையே ஈண்டு விளக்குகின்றோம்.

இக்கார்களில் மின்னைப் பிறப்பிப்பது தைனமோ. லூக்காஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் இரு உறுப்புக்கள் உள. ஒன்று கட்டவுட், தைனமோவின் அழுத்தம் 13 வோல்ற்றை அண்மியதும் அதனைப் பற்றறியோடு இணைக்கும், எஞ்சின் தளர்ந்ததும் பிரிக்கும். மற்றையது றெகுலேற்றர், அழுத்தம் மிகாமற் காக்கும்.

எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்போது தைனமோ மின்னேற்றாது. முன்விளக்குகள் இரண்டுமே ஏறத்தாழ 7 அம்பியரை உண்ணும். ஆகவே மூடுபனியில் நெடுநேரம் நின்று நின்று செல்லின் பற்றறி இளைப்பது இயல்பேயன்றிக் கோளாறன்று.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குக. பற்றறி முனைகளையும் உடலோடு இணைந்த கம்பியையும் துப்புரவாக்கி இறுக்குக. ஓய்ந்திருக்கும் நல்ல பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். இக்கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், மாற்றிப் பூட்டலாகாது. பின்னர் விசிறிப் பெல்ற்றின் தளர்ச்சியை நோக்குக.

அடுத்துச் சிவப்பு விளக்கைக் கவனிக்க. எஞ்சின் ஓடாதிருக்கச் சாவியைத் திருப்பியும் அது எரியாவிடின் பல்ப் பழுதாகியிருக்கலாம். அன்றிக் கட்டவுட்டின் தொடுமுனைகள் ஒட்டியிருக்கலாம். பின்னையதாயின் பற்றறியின் இணைப்பை உடனே கழற்றுக. இன்றேல் தைனமோ வெந்துவிடும். வேகமாக ஓடும்போதும் விளக்கு அணையாவிடின் மின்னேற்றம் இல்லை என்பது தெளிவு.

இப்போது தைனமோவைத் தனியே சோதிக்கலாம். அதன் இரு கம்பிகளையும் கழற்றி, இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் உடலுக்குமிடையே வோல்ற்றுமானியைப் பூட்டுக. எஞ்சினை மெல்ல நிமிடத்துக்கு 1000 சுற்றளவுக்கு உயர்த்தினால் மானி தடையின்றி 20 வோல்ற்றுக்கு ஏறவேண்டும். மேலும் விரைவுபடுத்தல் தீது. மானி அசையாவிடின் காபன் பிறஷ்களைப் பார்க்க. அரை முதல் ஒரு வோல்ற்று வரை காட்டின் புலச்சுருளிலும், 4 அல்லது 5 வோல்ற்றுக் காட்டின் ஆமேச்சரிலும் பழுதிருக்கலாம்.

தைனமோவும் கம்பிகளும் குறையற்றவை எனக் கண்ட பின்னரே றெகுலேற்றரை ஐயுறுதல் வேண்டும். மேற்கூறிய கார்களில் வழங்கும் ஆர்.பி. 106 வகைப் பெட்டியில், பற்றறியோடு இணையாத நிலையில், 20 பாகை செல்சியசில் 16.0 முதல் 16.6 வோல்ற்று வரை இருத்தல் முறை. வெப்பம் 10 பாகை கூடுந்தோறும் இவ்வளவு 0.1 வோல்ற்றுக் குறையும். சுருள் சூடேறினால் அளவு பிழைக்குமாதலின் அரை நிமிடத்துள் அளந்து முடிக்க.

திருகை மிகையாக முறுக்கினாற் பற்றறியின் நீர் கொதித்து வற்றும், தைனமோவும் எரியும். குறைத்து முறுக்கினால் விளக்கு மங்கும். நோயின் இடமறியாது மருந்திடுவது நோயைப் பெருக்குவதே. ஒரு வோல்ற்றுமானியும் சிறிது பொறுமையும் இருப்பின், மலைவழியில் நள்ளிரவில் நிற்க நேராது.