ஐஸ் ஹாக்கி டீமுக்கு முதல்ல என்ன வேணும்?

ஐஸ் ஹாக்கின்னு சொன்னாலே, கள்ளக்குறிச்சி வெயில்ல காலேஜ் பஸ்சுக்கு நிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நமக்குப் பனின்னா மார்கழி காலையில வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ரோட்டை மறைக்கிற மூடுபனிதான். வெயில் ஏறினா அதுவும் போயிடும். ஆனா இந்த விளையாட்டோட வரலாற்றுல ஒரு இன்ஜினியரும் இருக்கார், ஒரு காலேஜ் டீமும் இருக்கு.

1875 மார்ச் 3, கனடாவோட மான்ட்ரியல் நகரம். ஜேம்ஸ் கிரைட்டன்ங்கற இன்ஜினியர், விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்ல பக்கத்துக்கு 9 பேர் வச்சு ஒரு மேட்ச் நடத்தினார். அதுவரைக்கும் உறைஞ்ச ஏரி, ஆத்து மேல இஷ்டத்துக்கு ஆடினதை நாலு சுவத்துக்குள்ள கொண்டு வந்தது அந்த மேட்ச்தான். பந்து எகிறிப் பார்க்க வந்தவங்க மேல படக்கூடாதுன்னு தட்டையான மரவட்டை ஒண்ணைப் பயன்படுத்தினாங்க. ஆடினவங்கள்ல மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. 1877ல மெக்கில் மாணவர்கள் தங்களுக்குன்னு ஒரு கிளப் தொடங்கினாங்க. 1883ல மான்ட்ரியல் குளிர்காலத் திருவிழாவுல நடந்த முதல் போட்டியை ஜெயிச்சதும் அவங்கதான்.

அவங்க ஆடினது குளிர்ல தானா உறைஞ்ச ஐஸ்ல. நம்ம நாட்டுல லடாக்ல இன்னிக்கும் பெரும்பாலும் அப்படித்தான். லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்துல இருக்கு. நம்ம கல்வராயன் மலையோட உயரமான பகுதியே சுமார் 4,000 அடிதான். அங்க கார்சூ குளம் உறைஞ்சா ராணுவ வீரர்களும் உள்ளூர்ப் பசங்களும் மட்டையோட இறங்கிடுவாங்க. ஆனா சீசன் ஏறக்குறைய ரெண்டு மாசம்தான். குளிர் குறைஞ்சா அதுவும் சுருங்கிடும்.

இந்திய ஆண்கள் அணி 2009ல அபுதாபியில முதல் சர்வதேசப் போட்டியில ஆடி, பெரிய வித்தியாசத்துல தோத்துச்சு. கோப்பையை ஜெயிச்சது யார் தெரியுமா? ஐக்கிய அரபு அமீரகம். பாலைவன நாடு! அவங்க கிட்ட வருஷம் பூரா உறைஞ்சிருக்கிற செயற்கை ரிங்க் இருந்துச்சு. பனிமலைக்காரங்க கிட்ட அது இல்ல.

செயற்கை ரிங்க் எப்படி வேலை செய்யுது? நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் தத்துவம்தான். கான்க்ரீட் தளத்துக்குள்ள குழாய் பதிச்சு, உறையாத குளிர்திரவத்தை ஓடவிடுவாங்க. மேல தண்ணியை மெல்லிசா, அடுக்கு அடுக்கா உறைய வைப்பாங்க. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு இன்ச் கனம்னு வச்சுக்கோங்க. சுமார் 45,000 லிட்டர் தண்ணி. 25 டிகிரியில இருக்கிற அந்தத் தண்ணியை மைனஸ் 5க்குக் கொண்டு போக சுமார் 5,600 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேத்தணும். கம்ப்ரசர் ஒரு யூனிட் கரன்ட்ல மூணு யூனிட் வெப்பத்தை வெளியேத்தினா, கரன்ட் செலவு 1,900 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும்.

இது ஒரு தடவை செலவு. உண்மையான செலவு அதுக்கப்புறம்தான். கூரையில இருந்து, காத்துல இருந்து, லைட்ல இருந்து, ஆடுறவங்க உடம்புல இருந்து வர்ற வெப்பத்தை ராத்திரி பகலா வெளியேத்திக்கிட்டே இருக்கணும். 2011ல தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூன்ல பெரிய ரிங்க் கட்டினாங்க. போட்டி முடிஞ்சதும் பராமரிப்புச் செலவு தாங்காம பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2025லதான் திரும்பத் திறந்துச்சு. அதே 2025ல நம்ம பெண்கள் அணி ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கிச்சு. அதுல பெரும்பாலானவங்க லடாக் பொண்ணுங்க.

ஆக, டீமுக்கு முதல்ல வேண்டியது குளிர் இல்ல. குறைஞ்ச கரன்ட்ல வருஷம் பூரா ஓடுற ரிங்க். ரிங்க்ல இருந்து வெளியேத்துற வெப்பத்துல ஹாஸ்டலுக்கு வெந்நீர் போட முடியுமா? கூரைச் சோலார் பகல் லோடைத் தாங்குமா? மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ நண்பர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருந்தா, இது ஒண்ணு காலியா இருக்கு.