எலிக்காய்ச்சல்: கிருமியும் கலமும் குளிசையும்

எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியாவால் வரும் நோய். இலங்கையில் அது இரத்தினபுரி, களுத்துறை, குருநாகல் போன்ற மாவட்டங்களின் வயல்களோடு சேர்த்தே பேசப்பட்டு வந்தது. 2008இல் நாடெங்கும் 7,000க்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருக்கலாமெனச் சந்தேகிக்கப்பட்டது. வறண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதைப் பற்றிய பேச்சு குறைவு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலை ஒட்டிக் கொட்டிய மழை அந்த நிலையை மாற்றியது. டிசெம்பரில் வடமராட்சிப் பக்கத்திலிருந்து காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் உயிரிழந்தனர். என்ன காய்ச்சலென்று தெரியாமல் ஊர் கலங்கியிருந்தபோது, ஆய்வுகூட முடிவுகள் எலிக்காய்ச்சலைக் காட்டின.

பார்மசி மாணவர் முதலாண்டில் தனித்தனியாகப் படிக்கும் நுண்ணுயிரியல், கலவியல், உடற்றொழிலியல் ஆகிய மூன்றும் இந்த நோயில் ஒன்றாக வந்து சேர்கின்றன. எந்த மருந்து, எப்போது, ஏன் என்பதற்கு மூன்றும் சேர்ந்தே விடை தருகின்றன.

கிருமி

லெப்டோஸ்பைரா நெருக்கமாக முறுக்கிய மெல்லிய இழை. நீளம் 6 முதல் 20 மைக்ரோமீற்றர்; தடிப்பு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீற்றர்தான். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் அது தெரியாது. கரும்புல நுணுக்குக்காட்டியில், இருண்ட பின்னணியில் சுழன்று நகரும் ஒளிக்கீற்றாகத் தெரியும். அதன் நுனி வளைந்து கேள்விக்குறிபோல இருப்பதால்தான் நோய் தரும் முக்கிய இனத்துக்கு இன்ரறோகான்ஸ் என்று பெயர். கடுமையான காய்ச்சலோடு மஞ்சட்காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் வடிவத்தை ஜேர்மன் மருத்துவர் அடோல்ஃப் வைல் 1886இல் விவரித்தார். கிருமியே காரணமென்று முதலாம் உலகப்போர்க் காலத்தில் நிறுவியவர்கள் யப்பானின் இனாடாவும் இடோவும்.

எலியின் சிறுநீரகக் குழல்களில் இந்தக் கிருமி குடியிருக்கும். எலிக்கு நோய் வராது. எலியின் சிறுநீரோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் பல நாட்கள், சிலவேளை பல கிழமைகள் உயிரோடிருக்கும். வரம்பு கட்டும்போதோ வாய்க்கால் துப்புரவாக்கும்போதோ காலிலுள்ள கீறல், சேற்றில் ஊறி வெடித்த தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் சவ்வு வழியாக உடலுக்குள் நுழையும்.

உடலுக்குள்

உள்ளே போன கிருமி குருதியில் கலந்து பெருகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். தலையிடி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே நோகும் வலி, பீளையில்லாமல் சிவந்த கண் ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள். முதற்கிழமை முடியும் தறுவாயில் உடல் பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்யத் தொடங்க, கிருமி குருதியிலிருந்து விலகிச் சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் தங்கும். பரிசோதனையும் இதற்கேற்ப மாறும்: முதல் நாட்களில் குருதியில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். உதவும், பிறகு பிறபொருளெதிரியைத் தேடும் சோதனைகள் பயன் தரும். இரண்டாம் நாளில் பிறபொருளெதிரி தென்படவில்லை என்பதால் நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. இவை நாளொன்றுக்கு சுமார் 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. வெளியேறுவது ஒன்றரை லீற்றர் அளவுதான். வடிந்த நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கை மீட்டெடுப்பது சிறுநீரகத்தியின் அண்மைக் குழல். லெப்டோஸ்பைரா தாக்குவதும் அங்கேதான். அண்மைக் குழல் மீட்காத சோடியம் அடுத்த பகுதிகளுக்குப் பாய, அங்கே பொற்றாசியம் கூடுதலாக வெளியேறும். சிறுநீரகம் செயலிழக்கும்போது குருதியில் பொற்றாசியம் ஏறுவதே வழக்கம். எலிக்காய்ச்சலிலோ, சிறுநீர் போய்க்கொண்டிருக்க, பொற்றாசியம் குறைவதும் உண்டு. ஈரல் பாதிக்கப்பட்டால் மஞ்சட்காமாலை தோன்றும். நுரையீரலின் நுண்குழாய்கள் பழுதாகிக் காற்றறைகளில் குருதி கசிவதே மிக ஆபத்தான கட்டம்.

மருந்து

மனித கலத்துக்குக் கலச்சுவர் இல்லை, பற்றீரியாவுக்கு உண்டு. அந்தச் சுவரின் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதைப் பெனிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் தடுக்கின்றன. டொக்சிசைக்கிளின் புரதம் தயாரிக்கும் இறைபோசோமைத் தாக்குகிறது. பற்றீரியாவின் இறைபோசோம் 70எஸ் வகை. மனித கலத்தின் குழியவுருவில் இருப்பது 80எஸ். மருந்து 70எஸ்ஸின் சிறிய பகுதியில் ஒட்டிக்கொள்வதால் கிருமியின் புரத உற்பத்தி நின்றுபோகிறது. கிருமி குருதியில் இருக்கும் முதல் நாட்களிலேயே மருந்து தொடங்குவது நல்லது. உறுப்புகள் கெட்டபின் டயலிசிசும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம். முதல் மருந்துக்குப் பின் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கூடினால் அது மருந்து ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இறக்கும் கிருமிகளின் சிதைவுப் பொருள்களாலும் அப்படி வரும்.

மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்தில் டெங்கும் பரவும். இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரிக் காய்ச்சல். ஆகவே பார்மசியில் காய்ச்சலுக்குக் குளிசை கேட்பவருக்கு டைக்குளோபினாக், ஐபுபுரோஃபன் கொடுப்பது ஆபத்து: டெங்கில் குருதிக்கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவறிந்து பரசிற்றமோல் கொடுத்து, வயலில் இறங்கினாரா, வெள்ளத்தில் நடந்தாரா என்று கேட்டு வைத்தியசாலைக்கு அனுப்புவதே முறை.

நோய் வருமுன் காக்கவும் டொக்சிசைக்கிளின் பயன்படுகிறது. 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஆய்வில், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஒருவருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இதே அளவை விவசாயிகளுக்கு வழங்குகின்றனர்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை சில. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடனே படுத்தால் களம் புண்ணாகும். இரும்புச்சத்துக் குளிசையும் நெஞ்செரிவு மருந்தும் டொக்சிசைக்கிளினைப் பிணைத்து உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் சில மணி நேர இடைவெளி வேண்டும். வெயிலில் தோல் எரியக்கூடும். வயலில் நிற்பவர் கைகால்களை மூடிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் தாமாக எடுக்கக் கூடாது. குளிசை எடுத்தவரும் காலில் பூட்ஸ் போட்டு, புண்ணை மூடிக்கொண்டுதான் சேற்றில் இறங்க வேண்டும்.