மூன்றடி தள்ளி நில்

அண்ணாவின் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். திருவிழாவுக்கு வந்தவன் போனில் ஒரு ஆட்டத்தைக் காட்டினான். தலைக்கவசம் போட்ட பதினொரு பேர், மற்றப் பதினொரு பேரை மறித்து விழுத்துகிறார்கள். "மாமி, இதிலை தடுக்கிறதுக்கெண்டே தனிக் கோச் இருக்கிறார்" என்றான். ஐயோவா பல்கலைக்கழகத்தில் பில் பார்க்கர் என்றொருவர், 1999இல் இருந்து அங்கேதானாம். 2012இல் தடுப்பு முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. 2023இல் சிறந்த உதவிப் பயிற்றுநருக்கான பிராய்ல்ஸ் விருது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்துக்கு நான் ஒருத்திதான் எல்லாம். பழக்குவது, பஸ்ஸுக்குக் காசு சேர்ப்பது, தேசிக்காய்த் தண்ணி கரைப்பது.

ஆனாலும் என் கண் எப்போதும் தடுக்கிற பிள்ளைகளிலேயே இருந்தது.

வலைப்பந்தில் ஏழு பேர். கோல் போட இருவருக்கே அனுமதி, அதுவும் அரைவட்டத்துக்குள் நின்றால்தான். அந்த வட்டத்தைக் காப்பவர்கள் ஜீ.கே., ஜீ.டி. என்ற இருவர். ஜீ.கே. தன் பக்கத்து மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வரக் கூடாது. இதைப் புதுப்பிள்ளைகளுக்கு விளக்கக் கிளித்தட்டைத்தான் எடுப்பேன். குறுக்குக் கோட்டில் நிற்பவள் கோட்டோடு மட்டும் ஓடுவாள், நடுக்கோடு கிளிக்கு. உடனே பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது மூன்றடி. பந்து வைத்திருப்பவளிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் கையை உயர்த்தி மறிக்கலாம். பதற்றத்தில் அரையடி முன்னே வைப்பார்கள், விசில் ஊதிவிடும். தும்புத்தடிக் காம்பை 3 அடிக்கு வெட்டி இருவருக்கும் நடுவே கிடத்திப் பழக்கினேன்.

ஈவினையில் பிறந்து இலங்கை அணிக்குக் கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்தால் அந்தத் தடியே வீண் போலிருக்கும். உயரம் 208 சென்ரிமீற்றர். வளையமோ 3.05 மீற்றரில். எதிரே ஐந்தேகால் அடிப் பிள்ளை கையை உயர்த்தி என்ன, உயர்த்தாமல் என்ன? 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த கோல் போடுநர் அவர்தான். 2018இல் இலங்கை சிங்கப்பூரை அவர்கள் மண்ணிலேயே 69–50 என வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. ஊர் கோலுக்குக் கைதட்டியது. நான் தோற்ற பக்கத்துத் தடுப்புக்காரிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம்.

உயரக்காரியை மறிக்க ஒரு வழிதான் உண்டு என்பது என் கட்சி. அவளை விடு, அவளுக்கு எறிபவளைப் பிடி. பந்தை மூன்று விநாடிக்கு மேல் யாரும் வைத்திருக்க முடியாது. வட்டத்தின் விளிம்பில் ஜீ.டி.யும் பக்கத் தடுப்புக்காரியான டபிள்யூ.டி.யும் எறிபவளின் பார்வையை மறைத்து நின்றால் இரண்டு விநாடி சும்மா போய்விடும். மூன்றாவது விநாடியில் எறிகிற பந்து எங்கேயோ போகும்.

புள்ளித்தாளில் கோல் போட்டவளுக்குத்தான் கட்டம். மறித்த பந்துகளை நான் என் கொப்பியில் பென்சிலால் குறித்து வைத்தேன். ஒரு கட்டைப் பிள்ளை, ஒரே ஆட்டத்தில் ஏழு. இப்போது பாரிசில் இருக்கிறாள். போன கிழமை எடுத்து, "ரீச்சர், அந்தத் தடி இன்னும் இருக்கோ?" என்று கேட்டாள்.

இருக்கிறது. கோழிக்கூட்டுக் கதவுக்கு முண்டு கொடுத்திருக்கிறேன்.